எழுந்து நின்று சொல்ல வேண்டிய எச்சரிக்கை

நம் கல்கத்தாத் தமிழ்ச் சங்க மலரில் டாக்டர்கள் எழுதுவார்கள், பேராசிரியர்கள் எழுதுவார்கள், காசிக்குப் போய்வந்த மாமிகள் எழுதுவார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்ட கதிரேசனை எழுதச் சொல்ல இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மலர் எப்போதோ விற்றுத் தீர்ந்திருக்கும். இந்த முறை என்னை மாட்டிவிட்டது நந்தினி. சால்ட் லேக்கில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். செக்டர் ஃபைவில் மென்பொருள் வேலை. தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள்; என்னைக் கேலி செய்யும்போது மட்டும் அவளுக்குத் தமிழ் வார்த்தை தட்டுவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்தவள் கேட்டாள்: "மாமா, உங்க காலத்துல கம்பைலர் வார்னிங் குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"எழுந்து நிப்போம்."

"ஏன், தேசிய கீதமா?"

"அதுக்கு உக்காந்திருந்தாக்கூட மன்னிச்சிருவாங்க. இதுக்கு மன்னிப்பே கிடையாது."

அவள் சிரித்த சிரிப்பில் காபி தளும்பிற்று. "நாங்க அதைப் படிக்கறதே இல்ல மாமா. அப்படியே எடுத்து ஏஐகிட்ட குடுத்துருவோம். அது திருத்திக் குடுக்கும். சரின்னு ஒரு பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிருவோம். நல் பாயிண்டருக்கு இப்பத் தனி வார்த்தையே வந்தாச்சு. அதுக்குப் பதிலா பூஜ்யம் போட்டா கம்பைலரே முறைக்கும்."

"அந்த வார்த்தை வரதுக்கு முன்னாடி உலகம் எப்படி ஓடிச்சுன்னு தெரியுமா?"

"நீங்கதான் ஓட்டினீங்க. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்றீங்களே. எழுதிக் குடுத்துருங்க. எங்க காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

ஆகவே எழுதுகிறேன். அவள் காது ஓயட்டும். உங்கள் கண் உழைக்கட்டும்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நாம் எழுதும் நிரலை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். நாம் எழுதியது அடியோடு தப்பு என்றால் வேலையை நிறுத்திவிடும், அது பிழை. தப்பாக இருக்குமோ என்று தோன்றினால் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, "அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லும், அது எச்சரிக்கை. இரண்டில் எது ஆபத்து என்று கல்யாணமானவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வார்த்தை. நிரலில் ஒவ்வொரு பொருளும் எந்திரத்தின் நினைவில் ஓர் இடத்தில் குடியிருக்கும். அந்த இடத்தின் விலாசத்தை வைத்திருப்பதற்குப் பெயர் பாயிண்டர். விலாசமே இல்லை என்று சொல்வதற்கும் ஓர் அடையாளம் வேண்டுமே, அதுதான் நல். பழைய சி மொழியில் நல் என்று எழுதினாலும் சரி, வெறும் பூஜ்யம் என்று எழுதினாலும் சரி, கம்பைலர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும். "வீடு எங்கே?" என்று கேட்ட இடத்தில் பூஜ்யம் என்றால், பாவம் இவனுக்கு வீடு இல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்ட இடத்தில் நல் என்று எழுதினால் முகத்தைச் சுளிக்கும். எத்தனை பேர் என்று கேட்டால் விலாசம் இல்லை என்கிறானே, இவன் தெளிவாகத்தான் இருக்கிறானா என்று ஓர் எச்சரிக்கை போடும். என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் இந்தச் சுளிப்பைச் சுற்றித்தான் நடந்தது.

என் அப்பாவுக்குக் கரக்பூரில் ரயில்வே வேலை. நான் பள்ளிக்கூடத்தில் தோற்றதும் என்னைக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் டிபன் கடையும் மளிகையும் வைத்திருந்த சித்தப்பாவிடம் அனுப்பிவைத்தார். சித்தப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து பல வருடம் ஆகியும் பேச்சு மட்டும் ஊரை விட்டு இறங்கவே இல்லை. முதல் நாளே என்னை சாம்பார் அண்டா முன்னால் நிறுத்தினார்.

"ஏலே, நல்லாப் பாத்துக்கோ. பெருங்காயம் கடைசிலதான் போடணும். போட்ட பொறவு ஒண்ணையும் போடக் கூடாது. போட்டேன்னா நீயே குடிச்சுக்கோ."

அந்த ஒன்றைத்தான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மீதியை நானே கற்றுக்கொண்டேன். கடைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. சாயங்கால வகுப்பொன்றில் சேர்ந்து சி மொழி படித்தேன். வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தது உண்மை. ஆனால் வகுப்பில் அதுவரை ஓடுகிற நிரலை எழுதியவன் நான் ஒருவன்தான் என்பதும் உண்மை. கடைக்கு பில் போடும் நிரலை எழுதினேன். அது ஓடிற்று. எப்படி ஓடிற்று என்று கேட்காதீர்கள்.

மாதம் ஒருமுறை கடைக்கு ஒரு வங்காளி அம்மாள் வருவார். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் கறுப்புக் குடை. கச்சோரிக்குக் கட்டிப் பெருங்காயம் வாங்கத்தான் வருவார். 'ஹிங்' என்று கேட்டாலே சித்தப்பாவுக்குப் புரியும். ஆனால் அந்த அம்மாள் கடைவாசலில் நின்று, "பெருங்காயோம்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. அதில் அவருக்கு அத்தனை பெருமை.

ஒரு நாள் அவருடைய பில்லில் பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கண்டபடி கோடும் புள்ளியும் அச்சாயிற்று. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த நிரலை யார் எழுதினது?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"இது தப்புன்னு தெரியுதா?"

"தெரியுது. ஆனா எழுதினது நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் கிடர்பூருக்கு வரச் சொன்னார். அவர்தான் மல்லிகாதி. வயதில் மூத்த பெண்களின் பெயரோடு அக்கா என்ற பொருளில் தீதியின் 'தி'யும், ஆண்களின் பெயரோடு 'தா'வும் சேர்ப்பது இந்த ஊர் மரியாதை என்று உங்களுக்குத் தெரியும்.

கிடர்பூரில் தனியார் சரக்கு முற்றம் ஒன்றின் மாடியில், செக்டர் ஃபைவ் நிறுவனம் ஒன்றுக்காக மல்லிகாதி ஒரு சிறிய அறையை நடத்திவந்தார். கீழே முற்றத்தின் வாசலில் லாரிகள் வந்து நிற்கும். எந்த லாரியில் எந்தப் பெட்டி, எங்கே இறக்க வேண்டும் என்று ஒரு சீட்டு அச்சாகும். சீட்டு வந்தால் வாசல் திறக்கும். அந்தச் சீட்டு நிரலைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. மல்லிகாதி எம்.எஸ்ஸி. என்னோடு இருந்தவன் பெயர் பார்த்தா, ஜாதவ்பூர்ப் பக்கத்துப் பையன், பொறியியல் பட்டதாரி, நல்லவன், மீன் இல்லாமல் சோறு இறங்காது. நான், சித்தப்பா கடையிலிருந்து நேராக வந்தவன். என்னைத் தற்காலிகம் என்று எடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் எனக்குக் கல்யாணமாகி, பெண் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகும் வரை நீண்டது.

இனி மல்லிகாதியின் முறையைச் சொல்ல வேண்டும். இதைப் போன்ற ஒன்றை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

கம்பைலர் ஓர் எச்சரிக்கை போட்டால், அந்த வரியை எழுதியவர் மல்லிகாதியின் நாற்காலிக்கு அருகில் போய் நிற்க வேண்டும். எச்சரிக்கையை உரக்கப் படிக்க வேண்டும். அதற்கு என்ன பொருள், ஏன் வந்தது, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அல்ல. "இங்கிலீஷ்ல யார் வேணும்னாலும் புரியாமலே பேசலாம். அம்மாகிட்ட பேசற பாஷையில சொல்லு" என்பார். பார்த்தா வங்காளத்தில் சொல்வான். நான் முதல் நாள் வங்காளத்தில் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க அம்மா வங்காளியா?"

"இல்ல தீதி. தமிழ்."

"அப்ப தமிழ்ல சொல்லு."

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே!"

"உங்க அம்மாவுக்கு பாயிண்டர் தெரியுமா? அவங்ககிட்ட சொன்னா கேட்டுக்குவாங்க இல்ல? அதே மாதிரி நானும் கேக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. லாரியின் வெற்று எடையைப் போட வேண்டிய இடத்தில் நான் நல் என்று எழுதியிருந்தேன். அதற்குத்தான் கம்பைலர் சுளித்திருந்தது. தமிழில் சரசரவென்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. முடித்ததும் சொன்னார்:

"நல்லாத்தான் ஓடிச்சு. நடுவுல ஒரு இடத்துல குரல் இறங்கிருச்சு. அந்த இடம் உனக்குத் தெரியல. போய்ப் படிச்சுட்டு வா."

போய்ப் பார்த்தேன். குரல் இறங்கிய இடம் எனக்கே நினைவிருந்தது. எடை தெரியவில்லை என்பதற்கும் எடை பூஜ்யம் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வந்து, சொல்லாமல் தாண்டியிருந்தேன். அதைப் படித்துத் தெரிந்துகொண்டு மறுபடி போய் நின்றேன். அன்று முதல் நான் இரண்டு விஷயத்தில் தேர்ந்தேன். ஒன்று, பாயிண்டர். இன்னொன்று, தெரியாத இடத்திலும் குரல் இறங்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவதில் எனக்கு இணையாகக் கல்கத்தாவில் ஆள் கிடையாது. அரசியல்வாதிகளைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

"கதிரேஷ்தா, நீங்க தமிழ்ல என்ன சொன்னாலும் தீதி தலையாட்டறாங்க. என் வங்காளத்துல மட்டும் நூறு ஓட்டை கண்டுபிடிக்கறாங்க" என்று பார்த்தா புலம்புவான்.

"உங்க பாஷை மென்மை தம்பி. ஓட்டை தெரியும். எங்க பாஷையில வார்த்தை ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும்" என்பேன்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, செக்டர் ஃபைவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். டை கட்டிய மனிதர். வாசலில் இருக்கும் பழைய எந்திரம் போதாது, பெரிய விலாசங்களுக்கு இடமுள்ள புதிய அகலமான எந்திரம் வைக்க வேண்டும் என்றார். அது நல்ல செய்தி. அதோடு, பட்டம் இல்லாதவர்கள் இனி நிரலைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். பட்டம் இல்லாதவர்கள் என்று பன்மையில் சொன்னது மரியாதைக்கு. இருந்தது நான் ஒருவன்.

மல்லிகாதி குடையை மேசைமேல் வைத்தார். "வாசல் புது எந்திரத்துக்கு மாறட்டும். மாறின பிறகு இவனை நீங்களே உக்காந்து பரீட்சை வைங்க. தேறினா நிரந்தரம். தோத்தா நானே அனுப்பிடறேன்" என்றார்.

"வாசல் ஒழுங்கா மாறலைன்னா?"

"மாறலைன்னா இந்த அறையே இருக்காது. பரீட்சைக்கு அவசியமே இல்ல."

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. சித்தப்பா கடையை அதற்குள் அவர் மருமகன் எடுத்துக்கொண்டிருந்தார். பத்தாவது தேறாத நாற்பது வயதுக்காரனுக்கு நிரல் எழுத வேறு எவன் நாற்காலி போடுவான்? என் திறமைமீது எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. மற்றவர்களுடைய கண்மீதுதான் சந்தேகம்.

எந்திரம் மாற்றுவதற்கு விஸ்வகர்மா பூஜையை, அதாவது இந்த ஊர் ஆயுத பூஜையை, தேர்ந்தெடுத்தோம். அன்று முற்றம் முழுக்க விடுமுறை, கிரேன்கூட அசையாது. பழையதை முன்தினமே கழற்றிவிட்டு, புதியதை மாட்டிப் பார்த்துவிட்டு, பூஜைக்கு மறுநாள் காலை வாசல் திறப்பது என்று ஏற்பாடு.

முன்தினம் பிற்பகல் சோதனை. சாதாரண லாரிக்குச் சீட்டு அழகாக வந்தது. பார்த்தா ரசகுல்லா வாங்கக் கிளம்பிவிட்டான். கடைசியாக, தீப்பிடிக்கும் சரக்கு ஏற்றிய லாரிக்குச் சோதித்தோம். அந்தச் சீட்டில் விவரம் அதிகம்: என்ன சரக்கு, எங்கே தள்ளி வைக்க வேண்டும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம். சீட்டு வரவில்லை. மறுபடி கொடுத்தோம். பாதி எழுத்தும் பாதி கிறுக்கலுமாக வந்தது. லேக் மார்க்கெட்டில் நான் எழுதிய பில்லே எழுந்துவந்து எதிரில் நின்றதுபோல் இருந்தது. அந்த மாதிரி லாரிதான் மறுநாளுக்கு மறுநாள் காலை முதலில் வரப்போகிறது. சீட்டு இல்லாமல் அது வாசலில் நின்றால் பின்னால் உள்ள லாரியெல்லாம் கிடர்பூர்ப் பாலம் வரை நிற்கும்.

மறுநாள், பூஜையன்று காலை, சீக்கிரமே வந்துவிட்டோம். அதற்கும் முன்னால் வந்திருந்தார் ஹாருதா, முற்றத்தின் எலக்ட்ரீஷியன். கீழே கிரேனுக்கு மாலை, மேலே எங்கள் அறையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெற்றியில் செந்தூரம். மெயின் ஸ்விட்சை இறக்கி, அதன்மேல் செவ்வந்தி மாலையைச் சுற்றியிருந்தார்.

"ஹாருதா, கொஞ்ச நேரம் போட்டுக் குடுங்க. ஒரே ஒரு தடவை பாத்துட்டு நிறுத்திடறோம்" என்றான் பார்த்தா.

"வருஷம் முழுக்க உழைக்குது. இன்னிக்கு ஒரு நாள் அதுக்கு லீவு. உனக்கு லீவு நாள்ல யாராவது வந்து உன்னை எழுப்பினா எப்படி இருக்கும்?"

நான் போய்ப் பேசினேன். என் பேச்சுக்கு மடங்காத ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. ஹாருதா முழுவதும் கேட்டார். பிறகு ஒரு தொன்னையில் பூஜைப் பிரசாதமான கிச்சுடியை வைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். சரி, முதல் ஆள் கிடைத்துவிட்டார்.

மல்லிகாதி ஹாருதாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. குடையை ஜன்னலில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். "மெஷின் இல்லாட்டி என்ன, வாய் இருக்கே" என்றார். அன்றன்றைய எச்சரிக்கைகளை அச்சடித்து பஸ்ஸில் படித்துக்கொண்டு போவது அவர் பழக்கம். அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்தார். வெளியே வானம் முழுக்கப் பட்டம். எதிராளியின் பட்டத்தை அறுத்தவர்கள் மாடிக்கு மாடி "போ காட்டா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, கிச்சுடி சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு எச்சரிக்கையாக எழுந்து நின்று சொன்னோம். பார்த்தா அவனுடையதைச் சொன்னான். நான் என்னுடையதைச் சொன்னேன். எதுவும் அந்தச் சீட்டைத் தொடவில்லை.

ஒன்று பாக்கி இருந்தது. சீட்டு அச்சடிக்கும் நிரலைக் கூப்பிடும் வரி. 'முடிவுக்குறி காணவில்லை' என்று கம்பைலர் சுளித்திருந்தது. பழைய கம்பைலர் அப்படிச் சொன்னதில்லை, புதியது சொன்னது. பார்த்தா அதை வாரம் முழுக்கப் பார்த்திருந்தான். நானும் பார்த்திருந்தேன். கோப்பின் தலையில் மல்லிகாதியின் பெயர் இருந்தது. தீதி எழுதியதென்றால் காரணம் இருக்கும் என்று அவன் தாண்டிப் போனான், நானும் அப்படியே. நாங்கள் தாண்டுவதைப் பார்த்து, பையன்கள் கேட்கவில்லை, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று மல்லிகாதியும் பஸ்ஸில் அந்த வரியைத் தாண்டியிருக்கிறார். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. எங்கள் அறையில் யாரும் எழுந்து நின்று சொல்லாத எச்சரிக்கை அது ஒன்றுதான்.

பார்த்தா என்னைப் பார்த்தான். அவனுக்கு வாய் வராது. எனக்கு வாய் மட்டும்தான் சொத்து.

"தீதி, இந்த வரி நீங்க எழுதினது" என்றேன்.

"ஆமா."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன். அது வந்து..."

"உக்காந்துக்கிட்டா?"

பார்த்தாவுக்குக் கிச்சுடி புரையேறிவிட்டது. மல்லிகாதி என்னைப் பார்த்த பார்வையில், அந்த நொடியே வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் மெதுவாக நாற்காலியைத் தள்ளினார். எழுந்து, என் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றுதான்.

அவர் முதலில் சாதாரண வங்காளத்தில் தொடங்கினார். "அம்மாகிட்ட பேசற பாஷையில, தீதி" என்றேன். அவர் குடும்பம் எல்லைக்கு அப்பால் உள்ள பரிசாலிலிருந்து வந்தது. அந்தப் பேச்சு கல்கத்தா வங்காளிகளுக்கே பாதிதான் புரியும். எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. மழை பெய்வதுபோல் சரசரவென்று ஓடிற்று. நான் அர்த்தத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். ஓடிற்று, ஓடிற்று, கடைசிக்கு வந்தது, இறங்கிற்று.

"அங்கதான் தீதி. கடைசி வார்த்தை. என்ன சொன்னீங்க?"

அவர் "பூஜ்யம்" என்றார்.

அந்த வரியில் இருந்தது இதுதான். எத்தனை விவரம் வேண்டுமானாலும் வரிசையாகக் கொடுக்கலாம். எது கடைசி என்று தெரிய, முடிவில் ஒரு நல் வைக்க வேண்டும். கரக்பூரில் என் அப்பா சிக்னல் கேபினில் நின்று ஒவ்வொரு ரயிலுக்கும் கடைசிப் பெட்டியின் பின்னால் எல்.வி. பலகை இருக்கிறதா என்று பார்ப்பார். பலகை தெரிந்தால் ரயில் முழுதாக வந்துவிட்டது. நல் என்பது அந்தப் பலகை. மல்லிகாதி அதற்குப் பதிலாகச் சுருக்கமாகப் பூஜ்யம் என்று எழுதியிருந்தார். பழைய எந்திரத்தில் எண்ணும் விலாசமும் ஒரே அகலம். பூஜ்யமே பலகையாக நின்றது. புதிய எந்திரத்தில் விலாசம் இரண்டு மடங்கு அகலம்.

"பாதிப் பலகை!" என்றேன். "பாதிப் பலகைதான் மாட்டியிருக்கு தீதி. மீதிப் பாதியில யாரோ விட்டுட்டுப் போன குப்பை இருக்கு. அதையும் விலாசம்னு நெனச்சுக்கிட்டு அடுத்த பெட்டியைத் தேடிப் போகுது."

"அப்படின்னா சாதாரண லாரிக்கு மட்டும் ஏன் சரியா வந்துச்சு?" என்று கேட்டார் மல்லிகாதி. நான் குரலை இறக்காமல் எதையாவது சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பார்த்தா எழுந்து நின்றான். அவனை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"விவரம் கொஞ்சமா இருந்தா எந்திரம் எல்லாத்தையும் கையிலயே எடுத்துக் குடுத்துரும். கை சுத்தமா இருக்கும். நிறைய இருந்தா கை பத்தாது, மிச்சத்தை மேசையில வைக்கும். மேசையில பழைய குப்பை கிடக்கும். தீப்பிடிக்கற சரக்குக்கு விவரம் அதிகம். அதோட பூஜ்யம் மேசைக்குப் போயிடுது." அவன் குரல் ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை. அவன் படிப்புக்கு நான் தலை வணங்கியது அன்று ஒரு நாள்தான், அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

மல்லிகாதி பேனாவை எடுத்து, தாளில் அந்தப் பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் நல் என்று எழுதினார், பாயிண்டர்தான் என்று கம்பைலருக்குச் சந்தேகமே வராத மாதிரி. பிறகு அதே பேனாவால் என் தொன்னையைச் சுட்டிக்காட்டி, "ஆறிப் போச்சு, சாப்பிடு" என்றார். அவர் மன்னித்த விதம் அது.

பூஜைக்கு மறுநாள் விடியலில் ஹாருதா மாலையைக் கழற்றி மெயினைப் போட்டார். நான் அந்த ஒரு வரியை மாற்றினேன். கம்பைலர் வாயைத் திறக்கவில்லை. தீப்பிடிக்கும் சரக்கு லாரி வந்து நின்றது. சீட்டு வந்தது, முழுதாக, கடைசி எழுத்துவரை. வாசல் திறந்தது. டிரைவர் சீட்டை வாங்கிப் பார்க்காமலே சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, பான் எச்சிலைத் துப்பிவிட்டுப் போனான். என் வாழ்க்கையில் நான் பெற்ற பாராட்டுகளில் அதைத் தலையாயதாக வைத்திருக்கிறேன்.

வாசல் மாறிவிட்டது. இனி பரீட்சை.

டை கட்டிய அதிகாரி மறு வாரமே வந்தார். மல்லிகாதியின் மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் மல்லிகாதி. நான் நின்றேன், நிற்பதில் எனக்கு நல்ல பழக்கம். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்: நல் பாயிண்டர் மாறிலி என்றால் என்ன, அதைத் தப்பான இடத்தில் போட்டால் கம்பைலர் ஏன் எச்சரிக்கிறது?

"தாய்மொழியில சொல்லுவான்" என்றார் மல்லிகாதி.

"யாருக்குப் புரியும்?"

"எனக்குப் புரியும்."

அவர் அதைச் சொன்னபோது குரல் இம்மியும் இறங்கவில்லை. அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

நான் தொடங்கினேன். விலாசம் என்றேன், விலாசமின்மை என்றேன். அகலம் வந்தது. எல்.வி. பலகைக்கு வரும்போது அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். மண்டைக்குள் இருந்ததெல்லாம் ஹாருதா மெயினை இறக்கியதுபோல் ஒரேயடியாக அணைந்தது. என் பெண்ணின் பள்ளிக்கூடச் சீருடை கண்முன் வந்தது. பாயிண்டர் வரவில்லை. ஆனால் இத்தனை வருடம் பழக்கிய குரல், அதுபாட்டுக்கு ஓடிற்று. நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது என்பது மட்டும் அதற்குத் தெரியும். என்ன சொல்கிறேன் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் காதிலேயே விழுந்தது. துவரம்பருப்பைக் குழைய வேகவிட்டிருந்தேன். புளியைக் கரைத்து, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டிருந்தேன். முருங்கைக்காய் உள்ளே போயாயிற்று. இனி பின்வாங்க வழியில்லை. சித்தப்பா சொன்னதை, சித்தப்பா சொன்ன அழுத்தத்தோடு, கடைசி வரை சொல்லி, அண்டாவை இறக்கி வைத்துத்தான் நிறுத்தினேன். அந்த சாம்பாரை அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. நான் சத்தியம் செய்வேன்.

அதிகாரி மல்லிகாதியைப் பார்த்தார். "சரியா சொன்னானா?"

"ஒரு இடத்துலகூடக் குரல் இறங்கல" என்றார் மல்லிகாதி.

அது பொய் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். என் கையைக் குலுக்கி, "தன்னம்பிக்கை உள்ள ஆள்" என்று ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டுப் படி இறங்கினார். அவர் கார் முற்றத்தைத் தாண்டும் வரை மல்லிகாதி ஜன்னலருகே நின்று பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"எல்லாம் நல்லாச் சொன்னே. முடியற இடத்துல 'பெருங்காயோம்'னு ஒண்ணு வந்துச்சே. அது எந்த பாயிண்டர்?"

குரலை மட்டும் நான் விடவில்லை.

"அது கடைசியில போடறது, தீதி. போட்ட பிறகு வேற எதையும் போடக் கூடாது."

"அப்ப விடை சரிதான்" என்று சொல்லிவிட்டு, மழையே இல்லாத வெயிலில் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.